நாலே முக்கால் லிட்டர்

ஆதம்பாக்கம்,
12-11-1990

சிரஞ்சீவி வேம்புவுக்கு அத்திம்பேர் ஸ்ரீரங்கன் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அக்கா வேதவல்லியும் க்ஷேமம். அங்கு நீயும் உன் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

பக்கத்திலிருக்கிற மந்தைவெளிக்கு எதற்குத் தபால் என்று நீ சிரிக்கலாம். உன் முகத்தைப் பார்த்துப் பேசுகிற உத்தேசம் எனக்கு இல்லை, அதற்காகத்தான்.

போன மாதம் உன் அப்பா திவசத்தன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. என் ஃபியட் காரில் நானே செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டை நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வாய் அகன்ற ஊறுகாய் பாட்டில் நிறையத் தண்ணீர். உள்ளே உலோகம் இரண்டு துண்டு. பாட்டரியிலிருந்து கரண்ட் விட்டால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது. அதை ரப்பர் குழாயில் கார்புரேட்டருக்குக் கொண்டுபோனால் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து மைலேஜ் கூடுகிறது. குவைத்துச் சண்டையில் பெட்ரோல் விலை ஏறியிருக்கிற நாளில் ஒருவன் இப்படி ஒன்று செய்தால், மரியாதை தெரிந்தவன் காது கொடுத்துக் கேட்பான். நீ என்ன சொன்னாய்? "அத்திம்பேர், தர்ப்பணத்துக்கு வெச்ச தண்ணியையும் கார்ல ஊத்திடாதீங்கோ." புரோகிதர் உள்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் இலையில் உட்காராமல் உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். திவசத்தன்று மாப்பிள்ளை சாப்பிடாமல் போனால் என்ன அர்த்தம் என்று உன் அம்மாவைக் கேள்.

இப்போது என் நிபந்தனை. நீ ஆதம்பாக்கம் வந்து, காரின் மைலேஜைக் கண்ணால் பார்த்து, அன்று சிரித்தவர்களைக் கூட்டி வைத்து, "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல வேண்டும். அதுவரை நானும் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், வேதாவும் மிதிக்க மாட்டாள். மீறிப் போனால் அங்கேயே இருந்துகொள்ள வேண்டியதுதான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கன்

—

மந்தைவெளி,
19-11-1990

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு வேம்பு அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம், தினமும் அக்காவைக் கேட்கிறாள். அக்கா சௌக்கியமா?

கடிதம் கிடைத்தது. பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருஷமாக லேப் பார்க்கிறேன். முதல் வருஷப் பையன்கூட உங்களைப் போல எழுத மாட்டான். தண்ணீரைப் பிரிக்கிற கரண்ட் பாட்டரியிலிருந்து வருகிறது. பாட்டரியை டைனமோ நிரப்புகிறது. டைனமோவை இன்ஜின் சுற்றுகிறது. இன்ஜினைப் பெட்ரோல் சுற்றுகிறது. கடைசியில் அதே பெட்ரோலைத்தான் செலவழிக்கிறீர்கள், வழியில் பாதியை நஷ்டம் பண்ணிக்கொண்டு. நீங்கள் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டி எட்டு மாதம் ஆனதால் உங்களுக்குப் பொழுது இருக்கிறது. அக்காவுக்கு இல்லை. அவள்தான் மொபெட்டில் தி.நகருக்குப் போய் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டி உங்களுக்குச் சோறு போடுகிறாள்.

இருந்தாலும் பரீட்சைக்கு நான் தயார். டேங்க்கின் முள்ளை நான் நம்ப மாட்டேன். டிக்கியில் தனியாக ஒரு கேன் வையுங்கள். அதில் ஐந்தே ஐந்து லிட்டர் ஊற்றி, அதிலிருந்து மட்டும் இன்ஜினுக்குக் குழாய் விட்டு, வண்டி நிற்கிறவரை ஓட்டுங்கள். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு தடவை கொடுத்தால், நான் வந்து நீங்கள் சொன்னபடி சொல்லுகிறேன்.

இன்னொன்று. பாட்டிலுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் பாதித் தண்ணீரோடு இரண்டாவது பாட்டில் ஒன்று வையுங்கள். இன்ஜின் இருமினால் நெருப்பு குழாய் வழியே திரும்பி வரும். நடுவில் தண்ணீர் இருந்தால் அங்கேயே அணைந்துவிடும். உங்கள் மேல் அக்கறையில்லை, அக்கா அந்தக் காரில் ஏறுகிறாள் என்பதால் எழுதுகிறேன்.

வேம்பு

—

ஆதம்பாக்கம்,
10-12-1990

சிரஞ்சீவி வேம்புவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம். வேதாவும் க்ஷேமம்.

பத்து லிட்டர் கேன் ஒன்றை ஏற்பாடு செய்து, அதில் ஐந்து லிட்டர் ஊற்றினேன். ஐம்பத்தொன்பது கிலோமீட்டர் வந்தது. லிட்டருக்குப் பதினொன்று புள்ளி எட்டு. உடனே துள்ளாதே. இது கணக்கில் சேராது. மழையில் வேளச்சேரி ரோடு ஏரி மாதிரி கிடந்தது, பாதித் தூரம் முதல் கியரில்தான் வந்தேன். தவிர, தண்ணீரில் கரண்ட் பாய உப்புப் போட்டிருந்தேன். இரண்டே நாளில் தண்ணீர் பழுப்பாகிக் குழம்பு மாதிரி வண்டல் கட்டிவிட்டது. ஃபியூஸ் மூன்று தடவை போயிற்று. இப்போது உப்பை மாற்றிக் காஸ்டிக் சோடா போட்டிருக்கிறேன்.

உலோகத் துண்டு என்று எழுதினேனே, அவை எவர்சில்வர் டம்ளர்கள். பெரியதற்குள் சின்னதை ரப்பர் வளையம் வைத்து முட்டாமல் நிறுத்தியிருக்கிறேன். உன் பாலிடெக்னிக்கில் இதை எவனும் யோசித்திருக்க மாட்டான்.

உன் இரண்டாவது பாட்டில் யோசனை எனக்கு வேண்டாம். உன் யோசனையைப் போட்டு ஓடினால், நாளைக்கு ஓட்டினதே நீதான் என்பாய்.

வேதா தினமும் மைலேஜ் என்ன ஆச்சு என்று கேட்கிறாள். நீ ஒத்துக்கொண்டால்தான் மந்தைவெளி என்று அவளுக்குத் தெரியும். இப்போதாவது அவளுக்கு என் வேலையில் சிரத்தை வந்திருக்கிறது.

ஸ்ரீரங்கன்

—

மந்தைவெளி,
17-12-1990

அத்திம்பேருக்கு நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். அக்கா எப்படி இருக்கிறாள் என்று இரண்டு வரி எழுதக்கூடாதா?

அந்த டம்ளர்கள் யாருடையவை என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அம்மா அக்காவுக்குச் சீராக வாங்கிக் கொடுத்த செட். ஒவ்வொன்றிலும் 'வேதவல்லி' என்று பெயர் வெட்டக் கடைத்தெருவில் ஒரு மத்தியானம் முழுக்க அம்மா நின்றாள், நான் பை தூக்கினேன். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டால் ப்ளஸ் பக்கத்து டம்ளர் அரித்துக்கொண்டே போகும், அந்தப் பழுப்பு அதுதான். கூடவே க்ளோரின் வரும், மூச்சை அடைக்கும். ஒரு பெண்ணின் பெயரை ப்ளஸ்ஸில் மாட்டி அரிக்க விட்டுவிட்டு அதற்குப் பெயர் கண்டுபிடிப்பா?

மார்கழி பிறந்துவிட்டது. இருபத்தேழாம் நாள் கூடாரவல்லிக்கு அக்கா வந்தால் போதும் என்கிறாள் அம்மா. வருஷா வருஷம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அக்காரவடிசல் கிண்டுவார்கள். அன்று ஒரு நாள் அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

வேம்பு

—

ஆதம்பாக்கம்,
14-1-1991

வேம்புவுக்கு ஆசீர்வாதமும் பொங்கல் வாழ்த்தும். நாங்கள் க்ஷேமம். வேதாவுக்கு மட்டும் இரண்டு நாளாக இருமல். பனிதான். கூடாரவல்லிக்கு அனுப்பவில்லை, ஆத்திலேயே பண்ணிவிட்டாள்.

எண்பத்திரண்டரை கிலோமீட்டர். அதே ஐந்து லிட்டர், அதே கேன். ஆதம்பாக்கத்திலிருந்து அடையாறு, திருவான்மியூர், திரும்ப மவுண்ட் ரோடு, மறுபடி அடையாறு. கேன் காலியாகி வண்டி நிற்பதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. லிட்டருக்குப் பதினாறரை! நடுரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நான் கைதட்டினேன், ஆட்டோக்காரன் ஒருவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். முதல் நாள் சாயங்காலம் நானே அளந்து ஊற்றின பெட்ரோல். காலையில் குளித்து, சந்தியாவந்தனம் பண்ணி, வண்டியை எடுத்தேன். காஸ்டிக் சோடா போட்டதும் வித்தியாசம் தெரிகிறது பார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வேதா உட்கார்ந்து அழுதாள். இருபது வருஷத்தில் என் காரியம் எதற்கும் அவள் அப்படி அழுததில்லை. "இன்னும் ஒரு தடவைதானே?" என்றாள். இன்னும் ஒரே தடவைதான் வேம்பு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக இரு.

ஸ்ரீரங்கன்

—

மந்தைவெளி,
30-1-1991

அத்திம்பேருக்கு நமஸ்காரம். இங்கு அனைவரும் சௌக்கியம்.

பதிலுக்கு இரண்டு வாரம் ஆனதற்குக் காரணம் உண்டு. அது வீட்டு விஷயம், உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

பதினாறரை வராது. வரவே வராது. உங்கள் பாட்டிலில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை குமிழி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காற்றில் ஒரு அகல் விளக்குகூட ஒழுங்காக எரியாது. ஆயிரம் கிலோ வண்டியை அது இழுக்கிறது என்று நீங்கள் நம்பினால் நம்புங்கள். கேன் ஒழுங்காக இருக்கிறதா? மீட்டர் கேபிள் சரியாக இருக்கிறதா? புகை எப்படி வருகிறது? பிளக் என்ன நிறம்? இதையெல்லாம் எழுதாமல் கைதட்டினேன் என்று எழுதுகிறீர்கள்.

அக்கா ஏன் அழுதாள் என்று நீங்கள் கேட்டீர்களா?

வேம்பு

—

ஆதம்பாக்கம்,
20-2-1991

வேம்புவுக்கு ஆசீர்வாதம். நான் க்ஷேமம். வேதாவுக்கு இருமல் விடவில்லை, உதட்டிலும் வாயிலும் புண். உஷ்ணம். மோர் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று இரண்டாவது பரீட்சை. தொண்ணூற்றொரு கிலோமீட்டர்! லிட்டருக்குப் பதினெட்டு புள்ளி இரண்டு. உன் பதினைந்துக்கு மேல், அடுத்தடுத்து இரண்டு தடவை. நீ சொன்ன வார்த்தைப்படி இந்த ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். புரோகிதரையும் நானே கூட்டி வந்துவிடுகிறேன்.

எதையும் மறைக்கிறவன் இல்லை நான், அதனால் எழுதுகிறேன். மீனம்பாக்கம் பக்கத்தில் ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் ஒரு தடவை திருப்பி அடித்தது. பாட்டில் மூடி கழன்று பானெட்டில் மோதிற்று. சின்னச் சத்தம்தான். பானெட்டில் ஒரு சொட்டை, பாட்டிலில் விரிசல். வேறு பாட்டில் மாற்றிவிட்டேன். உன் இரண்டாவது பாட்டில் இருந்திருந்தால் என்று நீ ஆரம்பிக்காதே.

புகை கேட்டாயே. நீலமாகக் கொஞ்சம் வருகிறது. அது நீராவி. தண்ணீரில் ஓடுகிற வண்டிக்கு நீராவி வராமல் என்ன வரும்? ஆனால் ஏறும்போது வண்டி சிணுங்குகிறது, பிளக் அடைக்கிறது. மயிலாப்பூரில் அப்துல் கஃபார் ஒர்க்ஷாப்பில் கொடுத்துச் சரிபார்க்கப் போகிறேன். கேனையும் கழற்றாமல் அப்படியே கொண்டுபோகிறேன், அவரும் பார்க்கட்டும். கார் உன் அப்பாவிடம் இருந்த நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். அவருக்கு என் கண்டுபிடிப்பின் அருமை தெரியும்.

வேதா இப்போது பரங்கிமலை வரை நடந்து, ரயிலில் மாம்பலம் போகிறாள். மொபெட்டில் பெட்ரோல் நிற்பதில்லையாம், எங்கோ ஒழுகுகிறதாம். சாவகாசமாகப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீரங்கன்

—

மந்தைவெளி,
11-3-1991

அத்திம்பேருக்கு நமஸ்காரம். க்ஷேம சமாசாரம் கடைசியில் எழுதுகிறேன்.

கஃபார் பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். உங்கள் கார் பானெட் திறந்து நின்றது. நாலு பிளக்கையும் ஒரு பேப்பரில் வரிசையாக வைத்திருந்தார். "இன்னா சார் இது? உங்க அத்திம்பேர் கார்ல ஆட்டோ பெட்ரோல் ஊத்திக்கினு கீறாரா?" என்றார். "பிளக்கப் பாருங்கோ, எண்ணெய்ல முழுகி எழுந்த மாதிரி கீது. கேன்ல அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, தகரத்துல ஊத்தி வெச்சேன். பெட்ரோல் பறந்து பூட்சு, எண்ணெய் அப்டியே நிக்குது. நீராவிங்கிறாரு. எங்கனா நீராவி நீலமா வருமா நைனா?"

காருக்கு ஊற்றுவது வெறும் பெட்ரோல். எண்ணெய் கலந்த பெட்ரோல் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும்தான். நீங்கள் பங்க்கில் வாங்கி அளந்து ஊற்றியது வெறும் பெட்ரோல். அப்படியானால் எண்ணெய் எங்கிருந்து வந்தது? நீங்கள் குளித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சந்தி பண்ணுகிற நேரத்தில் வந்தது. உங்கள் வீட்டில் மொபெட் ஒன்றுதான். அதை ஓட்டுகிறவள் ஒருத்திதான். அதில் பெட்ரோல் நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருமலும் வாய்ப்புண்ணும் எதனால் என்று இனிமேல் நான் சொல்ல வேண்டாம். டியூபை வாயில் வைத்து உறிஞ்சினால் அப்படித்தான் ஆகும்.

ஐந்து லிட்டரில் அல்ல, முதல் தடவை ஏழு லிட்டரில் ஓட்டினீர்கள். இரண்டாவது தடவை ஏழே முக்கால். வகுத்துப் பாருங்கள், இரண்டு தடவையும் ஏறக்குறைய அதே பதினொன்று புள்ளி எட்டு வரும். உங்கள் டம்ளரும் பாட்டிலும் ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட மிச்சம் பிடிக்கவில்லை. ஒரு வருஷமாக உங்களுக்குச் சோறு போட்டவள்தான் இதிலும் ஊற்றினாள். இந்தக் கடிதத்தைப் புரோகிதருக்கும் ஒரு காப்பி அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். நான் ஜெயித்தேன் என்பதை நீங்கள் எழுத்தில் ஒத்துக்கொண்டால் அனுப்ப மாட்டேன்.

க்ஷேம சமாசாரம்: அம்மா ஜனவரி மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. அன்றிலிருந்து படுக்கைதான். இப்போது சாப்பாடும் குறைந்துவிட்டது.

வேம்பு

—

ஆதம்பாக்கம்,
18-3-1991

வேம்பு,

ஆசீர்வாதம் எழுதக் கை வரவில்லை.

கேட்டேன். "ஆமாம், நான்தான் ஊத்தினேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். இருபது வருஷம் கூட இருந்தவள் என்னை என் எதிரியிடமே முட்டாளாக்கிக் காட்டிவிட்டாள். கைதட்டினேன் என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மொபெட் சாவியை வாங்கிக் காரின் டாஷ்போர்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனிமேல் எல்லா இடத்துக்கும் ரயிலில் போகட்டும்.

உன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு புறப்படுவாள். ஜனவரியில் விழுந்ததை மார்ச்சில், அதுவும் கடைசி நாலு வரியில் எழுதுகிறவன் எனக்குப் புத்தி சொல்ல வர வேண்டாம். நீ ஜெயித்ததாகவே வைத்துக்கொள். நான் தோற்றேன் என்று எழுத மாட்டேன்.

ஸ்ரீரங்கன்

—

மந்தைவெளி,
27-3-1991

ஸ்ரீரங்கனுக்கும் வேம்புவுக்கும் வேதவல்லி எழுதுவது.

ஆம்படையான் பெயரை எழுதிவிட்டேன். இருபது வருஷம் சொல்லாததை இன்று எழுதினதில் ஒன்றும் இடிந்து விழவில்லை. நடுவில் கார்பன் வைத்து ஒரே தடவையாக எழுதுகிறேன், ஆபீசில் பழகின கைதான். மேல் தாள் ஆதம்பாக்கத்துக்குத் தபாலில் போகிறது. அடித்தாள் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் வேம்புவுக்கு. நேரில் பேசலாமே என்பான். நீங்கள் இரண்டு பேரும் ஐந்து மாதமாகத் தபாலில்தானே பேசினீர்கள், எனக்கும் அதே போதும்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில், கொடியில் தொங்கிய உங்கள் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தேன். மொபெட் சாவிக்காகத்தான் டாஷ்போர்டைத் திறந்தேன். சாவிக்கு அடியில் வேம்புவின் கடிதங்கள் இருந்தன. எல்லாம் படித்தேன். காரிலேயே உட்கார்ந்து படித்தேன். அம்மா விழுந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று, என் மொபெட் எண்ணெயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதின கடிதத்தின் அடியில் பார்த்தேன்.

ஏன் ஊற்றினாய் என்று கேட்டீர்களே. இதோ பதில். காரில் பதினைந்து வந்தால் வேம்பு ஒத்துக்கொள்வான், அவன் ஒத்துக்கொண்டால் நான் அம்மாவைப் பார்க்கலாம். அவ்வளவுதான். உங்கள் ஹைட்ரஜன் எரிகிறதா இல்லையா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் தடவை கூடாரவல்லிக்கு மறுநாள் ஊற்றினேன். டியூபை உறிஞ்சினபோது ஒரு வாய் உள்ளே போய்விட்டது. நெஞ்சு எரிந்தது. இருமல் சத்தம் கேட்காமலிருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு இருமினேன். நீங்கள் உள்ளே காயத்ரி சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

மொபெட்டில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டாலே தானாக வடியும், வாய் வைக்க வேண்டியதே இல்லையாம். போன சனிக்கிழமை கஃபார் பாய் சொன்னார், நானே கழற்றி வடித்துப் பார்த்தேன், கையெல்லாம் பெட்ரோல். "ஏம்மா, உங்க வூட்ல ரெண்டு இன்ஜினியர் கீறாங்கோ, ஒருத்தர் சொல்ல மாட்டாரா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு இருமலும் வந்தது.

வேம்பு, உனக்குத் தனியாக ஒன்று எழுத வேண்டும். நான் வந்து நின்றபோது அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடி உனக்கு?" என்றாள். கூடாரவல்லிக்கு நான் வராதபோது நீ அவளிடம் என்ன சொன்னாய்? "அக்காவுக்கு வர இஷ்டமில்லை." இந்த மூன்று வார்த்தையை எதற்குச் சொன்னாய்? அத்திம்பேரின் நிபந்தனையைச் சொன்னால், ஒத்துக்கொண்டுவிட்டுப் போடா என்று அம்மா சொல்லியிருப்பாள். நீ ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குப் பதில் என்னை விற்றாய். இரண்டு நாள் அம்மா என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. வேலைக்காரி பேச்சியம்மாள் வந்துதான் கொடுத்தாள். மூன்றாம் நாள் புரட்டிப் படுக்கவைக்கக் குனிந்தபோது, என் கையை மோந்து பார்த்து, "என்னடி பெட்ரோல் நாத்தம்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் கையை விடாமல் பிடித்திருந்தாள். அப்புறம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் எழுத மாட்டேன், உள்ளே வந்து அவளிடமே கேட்டுக்கொள்.

இனி இரண்டு பேருக்கும் பொதுவானது. மைலேஜ் கணக்குப் போட உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா? முதல் தடவை இரண்டு லிட்டர், இரண்டாம் தடவை இரண்டே முக்கால். ஆக நாலே முக்கால் லிட்டர். என் மொபெட் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் போகும். ஆதம்பாக்கத்திலிருந்து மந்தைவெளி வந்து திரும்ப இருபத்திரண்டு கிலோமீட்டர். பத்து தடவை. பத்து தடவை அம்மாவைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சமையலுக்குத் திரும்பியிருக்கலாம். கூடாரவல்லிக்கு வந்திருக்கலாம். அவள் வழுக்கி விழுந்த அன்றைக்கு வந்திருக்கலாம். போனால் அங்கேயே இரு என்று நீங்கள் சொன்னதற்குப் பயந்து, என்னை இங்கே கொண்டு வந்து சேர்த்திருக்கக்கூடிய பெட்ரோலை உங்கள் காரில் ஊற்றினேன். என் வாழ்க்கையில் இதைவிட மட்டமான காரியம் நான் செய்ததில்லை. உங்கள் இரண்டு பேர் மேலும் உள்ள கோபம் எப்போதாவது தணியலாம். இது தணியாது.

போனால் அங்கேயே இருந்துகொள் என்றீர்கள். சரி. அம்மா எழுந்து நடக்கிறவரை, இல்லை அவள் காலம் முடிகிறவரை, இங்கேதான் இருப்பேன். இங்கிருந்துதான் தி.நகர் ஆபீசுக்குப் போகிறேன். அப்புறம் எங்கே இருப்பது என்பதை அப்போது நானே சொல்லுகிறேன், யாரும் நிபந்தனை போட வேண்டாம்.

பாட்டிலைத் திறந்து என் டம்ளர்கள் இரண்டையும் எடுத்து வந்துவிட்டேன். ப்ளஸ்ஸில் இருந்ததில் 'வே' மட்டும் மிஞ்சியிருக்கிறது, மீதியைக் காணோம். வேறு டம்ளர் வேண்டுமானால் கடையில் பெயர் வெட்டாததாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே வேம்பு சொன்ன இரண்டாவது பாட்டிலையும் வையுங்கள். அது ஒன்றுதான் உங்கள் இரண்டு பேர் கடிதத்திலும் இருந்த உபயோகமான வரி.

இருபது வருஷமாக "அக்கா சௌக்கியமா" என்று அவன் உங்களைக் கேட்பதும், "க்ஷேமம்" என்று நீங்கள் பதில் எழுதுவதுமாகவே போயிற்று. இனி தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். இன்றைக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாய்ப்புண் ஆறவில்லை. அம்மா மத்தியானம் அரைக் கரண்டி தயிர் சாதம் சாப்பிட்டாள்.

நேற்று லஸ் பங்க்கில் நாலு லிட்டர் போட்டேன். இந்தத் தடவை அது மொபெட்டின் டேங்க்கிலேயே இருக்கும்.

வேதவல்லி